மாத்திரை மேல் விழுந்த பழி: வரெனிக்ளின் வழக்கு

2009 ஜூலை 1 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இரண்டு மருந்துகளின் குறிப்புத்தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. கடையில் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு மருந்தின் மேல் அந்த நாட்டில் போடக்கூடிய மிகக் கடுமையான எச்சரிக்கை அதுதான். இரண்டுமே சிகரெட்டை விடுவதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகள். ஒன்று வரெனிக்ளின், ஃபைசர் நிறுவனம் அதை அமெரிக்காவில் சான்டிக்ஸ் என்றும் ஐரோப்பாவில் சாம்பிக்ஸ் என்றும் விற்றது. இன்னொன்று புப்ரோபியான்; மனச்சோர்வுக்கான பழைய மருந்து, 1997 முதல் சைபான் என்ற பெயரில் சிகரெட்டை விடுவதற்கும் கொடுக்கப்பட்டது. இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு நடத்தை மாறலாம், ஆத்திரம் வரலாம், மனச்சோர்வு வரலாம், தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்றது அந்தக் கட்டம்.

2016 டிசம்பர் 16 அன்று அதே நிர்வாகம் அந்தக் கட்டத்தை நீக்கியது.

நடுவில் கிட்டத்தட்ட ஏழரை ஆண்டு. சனி பிடித்து விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஏழரை ஆண்டில் மருந்து மாறவில்லை, டோஸ் மாறவில்லை. சிகரெட்டை விடுகிறவன் உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்பது மட்டும் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக எண்ணிப் பார்க்கப்பட்டது. மருந்து போட்டு விடுவதா, போடாமலே விடுவதா என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

கொன்றை மாதிரி ஒரு மரம்

தெற்கு ஐரோப்பாவில் லபர்னம் என்று ஒரு மரம் உண்டு. மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கும். படத்தைக் காட்டினால் நம் ஊர்க்காரர்கள் சரக்கொன்றை என்றே சொல்வார்கள். இரண்டும் அவரைக் குடும்பம்தான். ஆனால் லபர்னத்தின் விதை விஷம். அந்த விஷத்தின் பெயர் சிட்டிசின். இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிடைக்காத சிப்பாய்கள் இந்த மரத்தின் இலையைச் சுருட்டிப் புகைத்ததாகச் சொல்வார்கள். மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் அதே இடத்தில் சிட்டிசினும் போய் உட்காரும் என்பதால் அந்தக் கதையை நம்பலாம்.

பல்கேரியாவில் 1964-இலேயே இந்தச் சிட்டிசினை மாத்திரையாக்கி, டேபெக்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தைந்து நாள் கணக்கு: முதல் மூன்று நாள் தினம் ஆறு மாத்திரை, பிறகு படிப்படியாகக் குறைத்து, கடைசியில் ஒன்றோ இரண்டோ. ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை நிறுத்திவிட வேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் பல லட்சம் பேர் சாப்பிட்டார்கள். மேற்கு நாடுகளில் அதை ஏறெடுத்துப் பார்க்க வெகுகாலம் ஆளில்லை.

1990-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த ஃபைசர் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர்கள் சிட்டிசினை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் அமைப்பை அங்கே இங்கே திருத்தி வரெனிக்ளினை உருவாக்கினார்கள். 2006 மே மாதம் அதற்கு அனுமதி கிடைத்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்ல நம்மிடம் நல்ல உவமை இருக்கிறது: பஸ் சீட்டில் துண்டு போடுவது. மூளையில் நிகோட்டின் உட்காருவதற்கென்று இருக்கைகள் உண்டு, ஏற்பிகள் என்பார்கள். நிகோட்டின் வந்து உட்கார்ந்தால் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும், 'அப்பாடா' என்றிருக்கும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி நிகோட்டின் போய்விடும், இருக்கை காலியாகும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். வரெனிக்ளின் முன்னாலேயே ஏறி துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறது. அப்புறம் நிகோட்டின் வந்தாலும் உட்கார இடமில்லை. சிகரெட் பற்ற வைத்தால் சப்பென்று இருக்கும். அதோடு அந்தத் துண்டே கொஞ்சம் டோபமைனையும் சுரக்க வைக்கிறது. முழுதாக இல்லை, ஓரளவுக்கு. அதனால் காலி இருக்கையின் தவிப்பும் குறைகிறது.

ஆரம்ப ஆய்வுகளில் ஒன்றின் கணக்கு இது: 12 வார மருந்தின் கடைசி நான்கு வாரம் ஒரு சிகரெட்கூடத் தொடாதவர்கள், வரெனிக்ளினில் 44 சதவீதம், புப்ரோபியானில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆண்டு வரை தாக்குப்பிடித்தவர்கள் முறையே 22, 16, 8 சதவீதம். சிகரெட்டை விடும் உலகத்தில் இவை பெரிய எண்கள். ஓர் ஆண்டு முடிவில் மருந்து சாப்பிட்டவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திரும்பப் பற்ற வைத்தவர்கள் என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. விளம்பரத்தில் இரண்டாவது பாதி வரவில்லை. விளம்பரத்தில் வரவும் வராது.

ஒரு ஓட்டை இருந்தது. இந்த ஆரம்ப ஆய்வுகளில் மனநலக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களிடையேதான் புகைபிடிப்பவர்கள் மிக அதிகம். ஆக, மருந்து அதிகம் போகப் போகிற ஆட்களிடம் சோதிக்காமலே மருந்து வெளியே வந்தது.

புகார்கள்

2007 செப்டம்பரில் டல்லாஸ் நகரில் ஓர் இசைக் கலைஞர் இரவில் பக்கத்து வீட்டுக் கதவை ஆவேசமாக உதைத்தார். திருடன் என்று நினைத்து உள்ளேயிருந்தவர் சுட்டதில் இறந்துபோனார். அவர் குடித்திருந்தார், வரெனிக்ளினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செய்தி நாடு முழுக்கப் பரவியது. அதே நவம்பரில் மருந்து நிர்வாகம் தனக்கு வந்த புகார்களைப் பார்த்து வருவதாக அறிவித்தது. 2008 பிப்ரவரியில் எச்சரித்தது. மே மாதம் விமானிகளும் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களும் இந்த மருந்தைச் சாப்பிடக்கூடாது என்று அமெரிக்க விமானத்துறை தடை போட்டது. அடுத்த ஆண்டு கறுப்புக் கட்டம். 2007-இல் 88 கோடி டாலருக்கு விற்ற மருந்து 2009-இல் 70 கோடிக்கு இறங்கியது. ஆயிரக்கணக்கில் வழக்குகள் வந்தன. பெரும்பாலானவற்றை ஃபைசர் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது.

இங்கே நிர்வாகத்தைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்லத் தயாராக இல்லை. வந்த புகார்களில் சில, சிகரெட்டை இன்னும் விடவே விடாதவர்களிடமிருந்து வந்தவை. சிகரெட்டும் நடக்கிறது, மாத்திரையும் நடக்கிறது, அப்போது மனசு கெடுகிறது என்றால், 'சிகரெட்டை விட்டதால் வந்த எரிச்சல்' என்று அதைத் தள்ளிவிட முடியாது. கையில் அப்படிப்பட்ட தாள்களை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அதுதான் தவறு.

ஆனால் புகார்த் தாளின் குணம் ஒன்று உண்டு. எத்தனை பேருக்கு வந்தது என்று சொல்லும், எத்தனை பேரில் என்று சொல்லாது. செய்தித்தாளில் வந்த மருந்தைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் புகார் எழுதுவார்கள். இதைவிட முக்கியமானது இன்னொன்று: மாத்திரையே இல்லாமல் சிகரெட்டை விட்டவனுக்கு இதே ஆத்திரமும் தூக்கமின்மையும் வந்தால் அவன் யார்மேல் புகார் எழுதுவான்?

என் சித்தப்பா ஞாபகத்துக்கு வருகிறார். நாளைக்கு ஒன்றரைக் கட்டு பீடி, முப்பது வருடப் பழக்கம். ஒரு ஆடி அமாவாசையன்று, அப்பாவுக்குத் திதி கொடுத்த கையோடு நிறுத்தினார். மருந்து இல்லை, மிட்டாய் இல்லை, பபிள்கம் இல்லை. மூன்றாம் நாள் சட்னியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். அதற்கு முன்னால் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். காரணமே இல்லாமல் கண் கலங்கும். கை நடுங்கும், அதற்கு மருந்து என்று இன்னொரு காபி கேட்பார். இரண்டாவது வாரம் சித்தியே சொல்லிவிட்டார்: "பேசாம போய் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாங்க, வீடாவது நிம்மதியா இருக்கும்." மாதம் முடிவதற்குள் ஆள் பழையபடி ஆகிவிட்டார். அதற்குப் பிறகு தொடவே இல்லை.

நிகோட்டினைத் திடீரென்று நிறுத்தினால் என்ன வரும் என்று புத்தகம் சொல்வதை அப்படியே அவரிடம் பார்த்தோம். சில மணி நேரத்தில் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். எரிச்சல், பதற்றம், சோர்வு, தூக்கமின்மை, எதிலும் மனம் நில்லாமை, ஓயாத பசி. அந்தக் கை நடுக்கத்துக்குக் காபியும் ஒரு காரணம். புகையில் இருக்கும் தார் வகைப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டிருக்கும். அது காபியின் காஃபீனை வேகமாகக் கரைக்கும். புகை நின்றதும் நொதி தளர்ந்துவிடும். அதே இரண்டு டம்ளர் காபி இப்போது நான்கு டம்ளர் குடித்த மாதிரி ஏறும். படபடப்பு, தூக்கமின்மை, நடுக்கம் எல்லாம் அதிலிருந்தும் வரும். சிகரெட்டை விடும் வாரத்தில் காபியையும் பாதியாக்குங்கள் என்று யாரும் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. மனநோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின், ஓலன்சபின் போன்ற மருந்துகளும் இதே நொதியால் கரைபவை என்பதால், அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விடும்போது மருந்தின் அளவை மருத்துவர் மறுபடி பார்த்தாக வேண்டும். இது காபி விஷயம் போல விளையாட்டல்ல.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த அமாவாசையன்று சித்தப்பா வரெனிக்ளினும் தொடங்கியிருந்தால் தட்டைத் தள்ளியது யார்? வீட்டில் ஒவ்வொருவரும் மாத்திரையைத்தான் கை காட்டியிருப்போம்.

எட்டாயிரம் பேர்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழிதான். மாத்திரை சாப்பிட்டு விடுகிறவர்களையும் சாப்பிடாமல் விடுகிறவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கும் தெரியாமல், பார்க்கிற டாக்டருக்கும் தெரியாமல் எண்ண வேண்டும். நிர்வாகமே இதைச் செய்து காட்டுங்கள் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஈகிள்ஸ் என்று பெயரிட்ட அந்த ஆய்வு 16 நாடுகளில் நடந்து, 2016 ஏப்ரலில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

மொத்தம் 8,144 பேர், தினம் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர்கள், விட வேண்டும் என்று தாமாக வந்தவர்கள். அதில் பாதிப் பேர், துல்லியமாகச் சொன்னால் 4,116 பேர், மனச்சோர்வு, பதற்றநோய், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு போன்ற ஏதாவது ஒன்று உள்ளவர்கள், ஆனால் அப்போது நிலையாக இருந்தவர்கள். 2006-இல் விட்ட ஓட்டை பத்து வருடம் கழித்து அடைபட்டது. ஆட்களை நான்காகப் பிரித்தார்கள்: வரெனிக்ளின், புப்ரோபியான், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, எதுவுமில்லாத வெற்று மருந்து. ஒவ்வொருவரும் எல்லா வடிவத்திலும் எடுத்துக்கொண்டார்கள். பட்டையும் ஒட்டினார்கள், இரண்டு வகை மாத்திரையும் விழுங்கினார்கள். அதில் ஒன்றில்தான் மருந்து இருக்கும், சிலருக்கு எதிலுமே இருக்காது. 12 வாரம் மருந்து, இன்னொரு 12 வாரம் கவனிப்பு. விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்த்தார்கள்.

கடும் பதற்றம், ஆத்திரம், மனச்சோர்வு, பிரமை, தற்கொலை எண்ணம் என்று ஒரு பட்டியல் வைத்து எண்ணினார்கள். மனநலக் கோளாறு முன்பு இல்லாதவர்களில், வரெனிக்ளின் சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தது. வெற்று மருந்தில் 2.4 சதவீதம். பட்டையில் 2.5. புப்ரோபியானில் 2.2.

இந்த வரியைத் திரும்ப ஒருமுறை படிக்கலாம். மருந்தே இல்லாமல் விட முயன்றவர்களில் ஆயிரத்துக்கு இருபத்துநான்கு பேருக்கு, புகார்த் தாள்களில் எழுதியிருந்த அதே விஷயங்கள் வந்தன. அந்த ஆய்வில் நிகழ்ந்த ஒரே தற்கொலையும் வெற்று மருந்து எடுத்தவரிடம்தான். அந்த இருபத்துநான்கு பேருக்கும் நிகோட்டின் இல்லாததால்தான் வந்தது என்று சொல்லவும் முடியாது. ஆயிரம் பேரை ஆறு மாதம் கவனித்தால் கடன், சாவு, விவாகரத்து என்று வாழ்க்கையும் தன் பங்குக்கு வேலை செய்யும். ஆனால் மாத்திரை செய்ததாகச் சொன்ன வேலையைச் செய்ய மாத்திரை தேவைப்படவில்லை என்பது உறுதியானது.

மனநலக் கோளாறு உள்ளவர்களிடம் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. வரெனிக்ளினில் 6.5, புப்ரோபியானில் 6.7, பட்டையில் 5.2, வெற்று மருந்தில் 4.9 சதவீதம். வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுக்குள்தான் இருக்கிறது. அதற்காக இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவேன். இதோடு ஒத்துப்போகிற இன்னொரு சேதி, முந்தைய ஆண்டு ஸ்வீடனில் வரெனிக்ளின் எடுத்த 69,757 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்ததில் கிடைத்தது: தற்கொலை முயற்சியோ குற்றச் செயலோ கூடவில்லை, ஏற்கெனவே மனநலக் கோளாறு இருந்தவர்களிடம் மட்டும் பதற்றமும் மனநிலைக் கோளாறும் சிறிதளவு கூடின. ஆகவே அப்படிப்பட்டவர்கள் இந்த மருந்தை எடுக்கலாம், ஆனால் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரு கண் இருக்க வேண்டும்.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஃபைசரும், புப்ரோபியான் விற்ற கிளாக்ஸோவும். இதை வைத்து எல்லாமே பொய் என்பவர்கள் உண்டு. கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் வடிவமைப்பு நிர்வாகத்தின் பார்வையில் நடந்தது, ஸ்வீடன் பதிவேடுகளும் கிட்டத்தட்ட அதே திசையைக் காட்டின. நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவிலேயே 2016 செப்டம்பரில் கருத்து பிளந்துதான் இருந்தது: 19 பேரில் 10 பேர் கட்டத்தை முழுதாக எடுத்துவிடலாம் என்றார்கள், மற்றவர்கள் வைத்திருக்கவோ வாசகத்தை மாற்றவோ சொன்னார்கள். நூலிழையில் எடுக்கப்பட்ட கட்டம் அது.

அப்போ மருந்து இல்லாமல்?

ஈகிள்ஸில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வெற்று மருந்துக் கூட்டம்தான். 'மருந்தில்லாமல்' என்ற வழியை இவ்வளவு கவனமாக எண்ணியது அபூர்வம். மனநலக் கோளாறு இல்லாதவர்களில், ஒன்பதாம் வாரத்திலிருந்து இருபத்துநான்காம் வாரம் வரை தொடர்ந்து விட்டிருந்தவர்கள்: வரெனிக்ளின் 25.5 சதவீதம், புப்ரோபியானும் பட்டையும் 19-ஐ ஒட்டி, வெற்று மருந்து 10.5. கோளாறு உள்ளவர்களில் வரெனிக்ளின் 18.3, வெற்று மருந்து 8.3. வரெனிக்ளின் இரு மடங்குக்கு மேல் தூக்கிவிடுகிறது. ஆனால் மருந்தே இல்லாமல் பத்தில் ஒருவர் விட்டிருக்கிறார். அந்தப் பத்தில் ஒருவருக்கும் ஒவ்வொரு முறை வரும்போதும் பத்து நிமிட ஆலோசனை கிடைத்தது, யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. சித்தப்பா போலத் தனியாகத் திண்ணையில் உட்கார்ந்து விட முயல்பவர்களுக்கு, ஒரு முயற்சியில் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரைதான் என்பது பழைய கணக்கு.

அப்படியென்றால் நம்மைச் சுற்றி சிகரெட்டை விட்டவர்கள் எல்லோரும் "நான் ஒரே நாளில் தூக்கிப் போட்டேன்" என்கிறார்களே, அது எப்படி? சிட்னி பல்கலைக்கழகப் பேராசிரியர் சைமன் சாப்மன் இதைத்தான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். விட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எந்த உதவியும் இல்லாமல் விட்டவர்கள். ஆனால் ஆராய்ச்சிப் பணமெல்லாம் மருந்து பக்கமே போகிறது. இதனால் சொந்தமாக விட முடியாது என்ற எண்ணம் ஜனங்களுக்கு வருகிறது என்றார். அவர் சொன்ன கணக்கும் சரி, மருந்து ஆய்வுகளின் கணக்கும் சரி. தைப்பூசத்துக்குப் பழனியில் நடந்து வந்த கூட்டம் பெரிதாகத் தெரிகிறது என்பதால் நடப்பது பஸ்ஸைவிட வேகம் என்று ஆகிவிடாது. ஏராளமானவர்கள் நடந்தார்கள், அவ்வளவுதான். பஸ் இருக்கிறது என்பதற்காக நடந்து வரவே முடியாது என்று சொன்னால் அதுவும் பொய்.

சாப்மனிடம் நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று. விட்டவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். மருந்தில்லாமல் ஏழு முறை முயன்று, ஏழாவது முறையும் தோற்று, 'நமக்கு விதித்தது இவ்வளவுதான்' என்று உட்கார்ந்துவிட்டவன் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசமாட்டான். கனடாவின் ஒன்டாரியோவில் புகைபிடிப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, ஒருவர் வெற்றிகரமாக விடுவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் ஆகலாம் என்று 2016-இல் கணக்கிட்டது. ஒரு முயற்சியில் வாய்ப்பை இரண்டு மடங்காக்கும் ஒரு பொருள் அவனுக்கு எவ்வளவு வருடத்தை மிச்சப்படுத்தும் என்று பாருங்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2023-இல் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்ததில், நூறு பேர் முயன்றால் துணை எதுவும் இல்லாமல் ஆறு பேரளவில் ஆறு மாதம் தாண்டுகிறார்கள், தனியாக ஒரு நிகோட்டின் பட்டையோ மெல்லும் நிகோட்டின் கம்மோ இருந்தால் ஒன்பது, இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு, வரெனிக்ளினோ சிட்டிசினோ இருந்தால் பதினான்கு. நிகோட்டின் மின்சிகரெட்டும் இந்தப் பதினான்கில் நிற்கிறது. இந்தியாவில் அது 2019 முதல் சட்டப்படி தடை, அந்தப் பேச்சை விடுவோம். பட்டையையும் கம்மையும் சேர்த்து உபயோகிப்பது இவ்வளவு தூரம் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பட்டை நாள் முழுக்க மெதுவாகக் கொடுக்கும், டீக்கடையைக் கடக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கம். பெட்டிக்கடையில் கயிற்று நெருப்பு தொங்கும் இடத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். கம்மை மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருக்கக்கூடாது. மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சாற்றை விழுங்கினால் வயிற்றைப் புரட்டும், பலன் வராது. 'கம் வேலை செய்யலை' என்கிறவர்களில் பாதிப் பேருடைய பிரச்சினை இதுதான் என்பது என் சந்தேகம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் விடுவதா என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. இங்கிலாந்தில் 697 பேரிடம் பார்த்தார்கள். இரு பக்கமும் நிகோட்டின் உதவி உண்டு. நான்கு வார முடிவில் ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதம், இரண்டு வாரம் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம் தாக்குப்பிடித்தார்கள். குறைத்து விடுவதையே விரும்பியவர்களிடமும் ஒரே நாளில் விடுவதுதான் நன்றாக வேலை செய்தது. 'நாளைக்குப் பத்து, அடுத்த வாரம் எட்டு' என்று கணக்குப் போட்டு பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

வரெனிக்ளின் எடுப்பவர்களுக்கு அன்றாடத் தொந்தரவாக வருவது கறுப்புக் கட்டத்தில் இருந்ததல்ல, குமட்டல்தான். நான்கில் ஒருவருக்கு வரும். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட்ட பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டால் குறையும். விசித்திரமான கனவுகளும் வரும். முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, ஏழாம் நாள் வரை இரண்டு வேளை, பிறகு ஒரு மில்லிகிராம் இரண்டு வேளை; எட்டாம் நாள் சிகரெட்டை நிறுத்துவது. மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிற மருந்தல்ல இது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவே மாறும். புப்ரோபியானை வலிப்பு வந்தவர்கள் தொடக்கூடாது.

நம் ஊருக்கு இதையெல்லாம் கொண்டுவரும்போது ஒரு விஷயம். ஈகிள்ஸில் இருந்தவர்கள் சிகரெட் பிடிப்பவர்கள். இந்தியாவில் 2016-17 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். புகையில்லாத புகையிலை போடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். அந்தப் பதினான்கும் ஆறும் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் எழுதமாட்டேன். நிகோட்டின் எல்லாவற்றிலும் ஒன்றுதான், அதனால் திசை மாறாது என்று நினைக்கிறேன். மருந்தில்லாத பாதையில் போகிறவர்களுக்கு, 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் சிகரெட் பெட்டி மேலேயே அச்சாகி வருகிறது. வெற்று மருந்துக் கூட்டத்துக்குக் கிடைத்த அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கு நம்மிடம் இருக்கும் மாற்று அதுதான்.

கட்டம் நீங்கியதும் வரெனிக்ளினின் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். 2021-இல் அதன் மாத்திரைகளில் நைட்ரோசமைன் வகை மாசு அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பது தெரிந்து, ஃபைசர் விநியோகத்தை நிறுத்தி, செப்டம்பரில் எல்லாத் தொகுதிகளையும் திரும்பப் பெற்றது. நைட்ரோசமைன்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வகை. புகையிலைப் புகையிலும் அவை உண்டு, இதைவிடத் தாராளமாக. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்து நிறுத்திவிட்டுச் சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்று நிர்வாகமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில் வேறொரு நிறுவனத்தின் வரெனிக்ளினுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வரெனிக்ளினையும் புப்ரோபியானையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இடையில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தக் கொன்றை மாதிரி மரத்து மாத்திரையை மறுபடி தூசி தட்டினார்கள். 2011-இல் போலந்தில் 740 பேரிடம் சோதித்ததில் ஓர் ஆண்டு தாண்டியவர்கள் சிட்டிசினில் 8.4 சதவீதம், வெற்று மருந்தில் 2.4. 2014-இல் நியூசிலாந்தில் 1,310 பேரிடம் நிகோட்டின் பட்டை, கம் ஆகியவற்றோடு மோதவிட்டதில் முதல் மாதம் 40-க்கு 31 என்று சிட்டிசின் முந்தியது. 2024 ஜனவரியில் பிரிட்டனில் மருந்துச் சீட்டுக்கு அது கிடைக்கத் தொடங்கியது. பல்கேரியக் கடைகளுக்கு வந்து அறுபது வருடம் ஆகியிருந்தது.